நான் வெறுமையாக விட்ட இரண்டு வரிகள்

அன்ரனிட்டாவைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் அவளுக்கே பிடிக்காது. "என்னைச் சுரூபமாக்கி ஆலயத்தில வைச்சிடாதேங்கோ அக்கா" என்பாள். அதனால் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மூக்குநுனியில் கோபம். அச்சுப்பொறியில் கடதாசி சிக்கினால் அச்சுப்பொறியோடு சண்டை பிடிப்பாள். பயணி ஒருவர் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அவருக்குக் கிடைக்கும் பேச்சு இறங்குதுறை வரைக்கும் கேட்கும். ஆனால் பேசிக்கொண்டே அவருடைய இலக்கத்தைத் தேடி எடுத்து ஆசனத்தையும் பதிந்துகொடுத்துவிடுவாள்.

நான் யோகம்மா. நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவிலேயே கலியாணம் செய்து, தீவுப் படகுச் சங்கத்தின் நெடுந்தீவுக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படகுக்கு ஆசனம் பதிந்தவள். அன்ரனிட்டா என்னை விட இருபத்தெட்டு வயது இளையவள். முறையாகப் பார்த்தால் அன்ரி என்று கூப்பிட வேண்டும். வந்த முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டாள். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அவளுடைய வீடு கடலுக்கு அக்கரையில், கரம்பொன்னில். புருஷன் ஜோர்ஜ் கடற்றொழிலுக்குப் போகிறவர். ஒரே மகள் நிலக்சனா. பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவள் என்பதால் சங்கம் அவளை இங்கே அனுப்பியது. மூன்று வருடம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் சொல்லப்போகிற கதை ஐந்தாவது வருடத்தில் நடந்தது. திங்கட்கிழமை வருவாள், வாடகைக்கு எடுத்த ஒரு அறையில் தங்குவாள், வெள்ளிக்கிழமை படகு கிடைத்தால் வீட்டுக்குப் போவாள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அதுவும் கிடையாது. அக்கரை இறங்குதுறையான குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம்தான் என்று வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். கடல் கொந்தளிக்கிற கிழமையில் அந்த ஒரு மணித்தியாலமும் ஒன்றுதான், கனடாவும் ஒன்றுதான்.

மகள் தை மாதம் முதலாம் ஆண்டுக்குப் போகவேண்டும். அதற்கு முதல் வீட்டுக்குக் கிட்ட, ஊர்காவற்றுறையில் உள்ள தலைமைக் கந்தோருக்கு இடமாற்றம் எடுத்துவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் ஜோர்ஜின் தங்கை. நல்ல மனுசி, குறை சொல்லமாட்டேன். ஆனால் நிலக்சனா போனில் தாயோடு கதைப்பதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டு வந்தாள். "அம்மாவோட கதை பிள்ளை" என்று அத்தை போனை நீட்டினால், "அம்மா வேலையா நிப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாளாம். இதை அன்ரனிட்டா ஒரு நாள் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். பிறகு தேத்தண்ணி போடும் குசினிப் பக்கம் போய்க் கன நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

மாற்றம் கேட்கும் போதெல்லாம் சங்கத் தலைவர் இராசநாயகம் ஒரே பதிலைத்தான் சொல்வார். "நீர் போனால் உந்தப் பெட்டியை ஆர் பார்க்கிறது?"

பெட்டி என்று அவர் சொன்னது எங்கள் பதிவு முறையை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அது கிழமைக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும், அன்ரனிட்டா எழுப்பிவிடுவாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அதில் கைவைக்கத் துணிவில்லை.

ஏன் படுக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். பயணிகளின் விபரமெல்லாம் கொம்பியூட்டருக்குள் அட்டவணைகளாக இருக்கிறது, அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். அதில் எதையாவது தேடவோ மாற்றவோ வேண்டுமானால் ஒரு கட்டளை எழுதி அனுப்ப வேண்டும், அதை வினவல் என்பார்கள். கொழும்புக்காரர் கட்டளையில் ஒரு துண்டு, பயணி எழுதிய பெயர், பிறகு மற்றத் துண்டு என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வசனமாக்கி அனுப்பியிருந்தார். கந்தோர் எழுதும் கடிதத்தின் நடுவில் பயணியின் கையிலேயே பேனையைக் கொடுப்பது மாதிரி. நல்ல மனிதர் தன் பெயரை மட்டும் எழுதுவார்; அதிலும் ஒரு மேற்கோள்குறி தவறி விழுந்தால் வசனம் உடைந்து பெட்டி படுத்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவன் பெயருக்குப் பின்னால் இன்னொரு கட்டளையையும் சேர்த்து எழுதிவிடுவான். உள்ளே இருக்கிற தரவுத்தளத்துக்கு எது கந்தோர் எழுதியது, எது பயணி எழுதியது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் கீழ்ப்படியும்.

இதைத் தலைவருக்குச் சொன்னால் விளங்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவர் ஆவணி மாதம் இங்கே வந்தபோது செய்தே காட்டினாள். யாரும் போனிலிருந்து ஆசனம் பதியக்கூடிய பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, பெயர் எழுதும் பெட்டியில் பெயருக்குப் பதிலாக ஒரு வரியைத் தட்டினாள். அவ்வளவுதான். சங்கத்தில் இதுவரை பதிந்த அத்தனை பேரின் பெயர், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பயணக் காரணம் எல்லாம் கடகடவென்று திரையில் வந்து விழுந்தன.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்ர பெயரும் கிடக்கே?"

"கிடக்கு ஐயா. மூலவியாதிக் கிளினிக்குக்குப் போன திகதியும் கிடக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் வழி திறந்தது. "உதைத் திருத்தும். இன்னொரு ஆள் தனிய நடத்தக்கூடிய மாதிரிச் செய்து தாரும். மார்கழி முடிய உம்மை ஊர்காவற்றுறைக்கு விடுறன்" என்றார். கடிதமும் வந்தது. பதில் ஆளாக வேலணையிலிருந்து பிரசாந்தன் என்ற பொடியனையும் ஐப்பசியில் அனுப்பினார்கள். வரலாறு படித்தவன். கொம்பியூட்டர் என்றால் கடிதம் அடிக்கத் தெரியும். நிரலைத் திறந்து காட்டினால் பாம்பைக் கண்டவன் மாதிரிக் கதிரையைப் பின்னுக்கு இழுப்பான்.

இவனை நம்பித்தான் அவளுடைய விடுதலை இருந்தது. இவன் பயப்படாமல் தொடக்கூடிய ஒன்றைச் செய்தால்தான் அவள் போகலாம். அதனால் கவுண்டர் மூடிய பிறகு பின்னேரங்களில் இருந்து, ஒரு மாதத்தில், ஒரு சின்ன லைப்ரரி எழுதினாள். லைப்ரரி என்றால் புத்தகம் அல்ல, வேண்டிய இடத்தில் எடுத்துப் பாவிக்கக்கூடிய ஒரு கட்டு நிரல். இனிமேல் யாரும் வினவலைத் தன் கையால் ஒட்டித் தைக்கத் தேவையில்லை. எந்த அட்டவணை, என்ன நிபந்தனை, என்ன பெறுமதி என்று சொன்னால் போதும், லைப்ரரி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கட்டளை தனியாக, பெறுமதிகள் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் கேள்விக்குறியோடு முதலில் போகும். பயணி எழுதியது வேறாகப் பின்னால் போகும். அவர் என்னத்தை எழுதினாலும் அது பெயராகவே கிடக்கும், கட்டளையாக மாறாது. அட்டவணையின் பெயர்களைக்கூட அவள் முன்பே எழுதிவைத்த பட்டியலில் இருந்துதான் எடுக்கலாம். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் லைப்ரரி மாட்டேன் என்றுவிடும்.

பிரசாந்தன் இரண்டு கிழமையில் தனியாக ஒரு தேடல் பக்கம் செய்து காட்டினான். அன்றைக்கு அன்ரனிட்டா எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தாள். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை.

இனி என்னுடைய பங்கைச் சொல்லவேண்டும். சொல்லக் கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

புதிய தேடல் பக்கத்தில் பெயர், வட்டாரம், திகதி, காரணம் என்று நான்கு பெட்டிகள். முதலில் எல்லாவற்றையும் நிரப்பினால்தான் தேடும். எனக்கு எரிச்சல். "பிள்ளை, நாளைக்குப் போறவை எல்லாரையும் பார்க்க நான் ஏன் வட்டாரம் எழுதோணும்? வெறுமையா விட்டால் எல்லாத்தையும் காட்டட்டுமே. இந்த வயதில என்னாலை உந்தக் கட்டமெல்லாம் நிரப்ப ஏலாது" என்று ஒரு கிழமை அவளை நச்சரித்தேன். எனக்காகத்தான் லைப்ரரியை மாற்றினாள். பெட்டி வெறுமையாக இருந்தால் அந்த நிபந்தனையையே விட்டுவிடும். தேடுவதற்கு அது நல்ல வசதி. ஆனால் ஆசனம் இரத்துச் செய்யும் பக்கமும் அதே லைப்ரரியில்தான் ஓடியது. அவளுக்கு அது யோசனையில் இருந்தது. "இரத்துச் செய்யேக்க மட்டும் எல்லாப் பெட்டியும் நிரப்பவேணும் அக்கா, ஒரு வரியும் வெறுமையா இருக்கக்கூடாது. மாற்றம் போறதுக்கு முதல் அதையும் பூட்டிப்போட்டுத்தான் போவன்" என்று என்னிடம் சொன்னாள். சொன்னது போதாதென்று பெரிய எழுத்தில் ஒரு கடதாசியில் எழுதி, என் கவுண்டர்க் கண்ணாடியில் கோந்து பூசி ஒட்டியும் விட்டாள்.

எங்கள் பழைய பதிவுப் புத்தகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் போனால் மூன்று வரி ஒதுக்குவோம். முதல் வரியில் வீட்டுக்காரரின் பெயர், வட்டாரம், காரணம் எல்லாம் எழுதுவோம். மற்ற இரண்டு வரியையும் வெறுமையாக விட்டுவிடுவோம். அந்த இரண்டு பேரும் மேலே சொன்ன வீட்டார் என்று அர்த்தம். நெடுந்தீவில் யாருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தா தெரிந்துகொள்ளவேண்டும்? முப்பது வருடமாக என் கை அப்படித்தான் எழுதியது.

கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்றரை மணி. அடுத்த நாள் வியாழன், யாழ்ப்பாணத்தில் கிளினிக் நாள். பாலசிங்கம் வந்தார். உறவில் ஒரு செத்தவீடாம், தனக்கும் மனைவிக்கும் மாமியாருக்கும் பதிந்த மூன்று ஆசனத்தையும் இரத்துச் செய்யச் சொன்னார். இரத்துப் பக்கத்தைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு வரி. முதல் வரியில் பாலசிங்கத்தின் விபரம் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டாவது, மூன்றாவது வரிகளை வெறுமையாக விட்டேன். அழுத்தினேன்.

திரையில் 214 என்று ஒரு இலக்கம் வந்தது. நான் அதை ரசீது இலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிடம் வெளியே மர வாங்கில் வரிசையாக இருந்த ஆட்களின் போன்களெல்லாம் ஒன்றாகக் கிணுகிணுத்தன. பாலசிங்கத்தின் சட்டைப்பையிலும் சத்தம். "உங்கள் ஆசனம் இரத்துச் செய்யப்பட்டது." அவருக்கு அது சரி. பக்கத்தில் நின்றவருக்கும் அதுதான் வந்திருந்தது. வரப்போகும் இரண்டு கிழமைக்குப் பதிந்திருந்த 214 பேருக்கும் அதுவே போயிருந்தது. வெறுமையான வரியில் நிபந்தனை ஒன்றும் இல்லை. நிபந்தனை இல்லாவிட்டால் எல்லாரும்தான்.

அன்ரனிட்டா உள்ளிருந்து ஓடிவந்து என் திரையைப் பார்த்தாள். என்னை ஏசாமல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

காலையில் எடுத்த பிரதியிலிருந்து ஐந்து மணிக்குள் பட்டியலைத் திருப்பிக்கொண்டுவந்துவிட்டாள். ஆனால் "இல்லை, ஆசனம் இருக்கிறது" என்று திரும்பச் செய்தி அனுப்ப முடியவில்லை. ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய செய்திகள் எல்லாம் முதல் செய்தியோடேயே முடிந்துவிட்டன. நாங்கள் மூன்று பேரும் போனும் கையுமாக இருந்தோம். அழைப்புப் போகாத வீடுகளுக்குப் பிரசாந்தன் மோட்டார் சைக்கிளில் ஓடினான். அடுத்த நாள் படகுக்குரிய ஐம்பத்திரண்டு பேரில் ஐம்பத்தொரு பேருக்குச் சொல்லிவிட்டோம்.

மிஞ்சியவர் அரியநாயகம் அண்ணை. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்கிறவர். ஆசனம் இல்லை என்ற செய்தியைப் பார்த்ததும், வேறு வள்ளம் ஏதும் கிடைக்குமா என்று விசாரிக்க மனைவியோடு தீவின் மற்றத் தலைப்பில் இருந்த மருமகன் வீட்டுக்குப் போய்விட்டார். போனில் சார்ஜ் இல்லை. வீடு பூட்டியிருந்தது. பிரசாந்தன் படலையில் கடதாசி செருகிவிட்டு வந்தான். காலையில் அவருடைய ஆசனம் வெறுமையாகப் போனது.

அன்று மத்தியானமே காற்றுத் தொடங்கிவிட்டது. மூன்று நாள் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. நான்காம் நாள் அவரைக் கதிரையோடு தூக்கித்தான் படகில் ஏற்றினார்கள். மூச்சு வாங்கியது, கால் இரண்டும் வீங்கிப்போய் இருந்தன. அன்ரனிட்டா இறங்குதுறையில் நின்றாள். அவருடைய மனைவி அவளைப் பார்த்து, "என்ர மனுசனுக்கு ஏதும் நடந்தால் உன்ர கொம்பியூட்டரைக் கொண்டுபோய்க் கடலில போடுவன்" என்று கத்தினாள். அன்ரனிட்டா கேட்டுக்கொண்டு நின்றாள். நானும் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

அரியநாயகம் அண்ணை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு திரும்பிவந்தார். அது கடவுள் எனக்குச் செய்த உபகாரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கு முதலே விசாரணை வைத்தார்கள். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. நான் ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசியைத் தண்ணி தொட்டு மெதுவாக உரித்து, நான்காக மடித்து, என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் செய்தேன்.

"இரத்துச் செய்யேக்க எல்லாப் பெட்டியும் நிரப்பவேணும் எண்டு உங்களுக்கு ஆரும் சொன்னவையோ?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா."

"எழுதி ஒட்டியிருந்ததோ?"

"இல்லை ஐயா."

அன்ரனிட்டா கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து, கைப்பையை மேசைக்குக் கீழே தள்ளிவைத்தேன். அவள் தலைவர் பக்கம் திரும்பி, "வெற்று வரி வந்தால் மறுத்திருக்கவேண்டியது என்ர லைப்ரரி. அது மறுக்கேல்லை. அது என்ர பிழை" என்றாள். அதை அப்படியே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மார்கழி முதலாம் திகதி கடிதம் வந்தது. மாற்றம் மறு அறிவித்தல் வரை நிறுத்திவைக்கப்படுகிறது. "நான் ஊர்காவற்றுறையில இருந்தும் இன்ரநெற்றால எல்லாம் செய்யலாம் ஐயா" என்று அவள் போனில் மன்றாடியது எனக்குக் கேட்டது. தலைவர் சொன்ன பதிலும் கேட்டது, அவ்வளவு சத்தமாகச் சொன்னார். "பிழை நடந்த இடத்திலதான் பொறுப்பான ஆள் நிக்கோணும்." இதைவிடப் பெரிய விசர்க்கதையை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. என்ன முகத்தோடு திறப்பது?

தலைமைக் கந்தோரில் அவளுக்கென்று ஒதுக்கிய கதிரையை வெறுமையாக வைத்திருக்க முடியாதாம். லைப்ரரி தெரிந்தவன் என்று பிரசாந்தனைத் திருப்பிக் கூப்பிட்டு அதில் இருத்தினார்கள். போகும்போது அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டான். "அக்கா, நான் கேக்கேல்லை அக்கா, அவையளாத்தான்" என்றான். "எனக்குத் தெரியும், படகுக்கு நேரமாகுது, போம்" என்றாள்.

அந்த மாதம் முழுக்க அவள் லைப்ரரியைத் திருத்தினாள். தேடும் வினவல் வேறு, மாற்றும் வினவல் வேறு என்று பிரித்தாள். தேடும்போது வெறுமையாக விடலாம். மாற்றவோ அழிக்கவோ போனால் நிபந்தனை இல்லாத வரியை லைப்ரரி ஏற்காது. எத்தனை ஆசனத்தில் கைவைக்கப்போகிறது என்று முதலில் எண்ணிக் காட்டும், உறுதி கேட்கும், அதன் பிறகுதான் செய்யும். செய்த பின்னும் பத்து நிமிடத்துக்குச் செய்தி போகாது. அந்த நேரத்துக்குள் திருப்பி எடுக்கலாம். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "வெறுமையா விட்டு அழுத்திப் பாருங்கோ" என்றாள். அழுத்தினேன். "எந்த ஆசனம் என்று சொல்லப்படவில்லை. எதுவும் மாற்றப்படவில்லை" என்று சிவப்பில் வந்தது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் அதுவே வந்தது. அவள் எழுந்து போன பிறகும் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது.

தை மாதம் நிலக்சனாவுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றைக்கு அன்ரனிட்டா லீவு எடுத்திருந்தாள். ஆனால் அதற்கு முந்தின நாள் படகு ஓடவில்லை. காற்று. காலையில் கந்தோருக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏழரை மணிக்கு ஜோர்ஜ் படம் அனுப்பினார். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், முதுகை விடப் பெரிய பை. படிவத்தில் பாதுகாவலரின் கையெழுத்துக்கு எப்போதும் வீட்டில் நிற்கிறவர்தான் வேண்டும் என்று ரீச்சர் சொன்னாராம், ஜோர்ஜ் கடலுக்குப் போகிறவர் என்பதால் அத்தையின் பெயரைப் போட்டுவிட்டார்களாம். அன்ரனிட்டா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பின்னல் கோணலா இருக்கு" என்றாள். அன்றைக்குக் கவுண்டருக்கு வந்த எல்லாரும் அவளிடம் பேச்சு வாங்கினார்கள்.

மாசி முடிவில் எனக்கு ஓய்வுக் கடிதம் கைக்கு வந்தது. கைக்கு வந்த பிறகுதான், வருவதற்கு ஒரு நாள் முந்தியல்ல, நான் ஊர்காவற்றுறைக்குப் போய்த் தலைவரின் மேசையில் அந்த மடித்த கடதாசியை விரித்து வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வாசித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"இப்ப சொல்லி என்ன யோகம்மா? அந்தக் கோவை மூடியாச்சு" என்றார்.

"அப்ப அவவை விடுங்கோவன் ஐயா."

"எப்பிடி விடுறது? அவ செய்தது நல்லா ஓடுது. மற்றத் தீவுக் கந்தோர்களுக்கும் அதைத்தான் போடப்போறம். எல்லாம் சரிவர இன்னும் ரண்டு வருசமாவது செல்லும். அதுவரைக்கும் அவ அசைய ஏலாது."

பிழை விட்டாள் என்று பிடித்துவைத்தார்கள், சரியாகச் செய்தாள் என்று பிடித்துவைக்கிறார்கள். இதை அந்த மனிதருக்கு முன்னாலேயே சொன்னேன். "நீங்கள் ஓய்வெடுங்கோ" என்றார்.

புதன்கிழமை திரும்பிவந்து நேரே கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இப்போது அவளேதான் இருக்கிறாள், எனக்குப் பதிலாக இன்னும் ஆள் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அக்கா. கண்ணாடியில கோந்து அடையாளம் கிடந்தது" என்றாள்.

"பிறகேன் பிள்ளை நீர் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்களை வேலையில இருந்து நிப்பாட்டியிருப்பினம். என்னை விட்டிருப்பினமோ தெரியாது." பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். "உங்களில கோவம் இல்லையெண்டு மட்டும் நினைக்காதேங்கோ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோவம் வாறது. இப்ப எங்க போகவேணும், சொல்லுங்கோ."

நான் வவுனியாவில் இருக்கிற மகனிடம் போக வெள்ளிக்கிழமைப் படகுக்கு ஆசனம் கேட்டேன். பெயர், வட்டாரம், திகதி எல்லாவற்றையும் தட்டினாள். "காரணம்?" என்றாள். "மகனைப் பார்க்க" என்றேன். அதையும் தட்டினாள். பதிந்த பிறகுதான் திரையைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமைப் படகில் அதுதான் கடைசி ஆசனம்.

"அப்ப நீர் எப்பிடிப் போறது?"

"மிஞ்சினால்தானே அக்கா கந்தோர் ஆக்களுக்கு ஆசனம். மிஞ்சேல்லை."

"என்ரையை எடுத்துவிடும். நான் அடுத்த கிழமை போறன். எனக்கு இனி என்ன அவசரம்?"

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் விடவில்லை. கடைசியில் இரத்துப் பக்கத்தைத் திறந்து, என் விபரம் முழுவதையும் நிரப்பினாள். "1 ஆசனம் இரத்துச் செய்யப்படும். உறுதியா?" என்று கேட்டது. நானே கையை நீட்டி அழுத்தினேன்.

ஆசனம் அவளுக்கு வரவில்லை. நாங்கள் இழுபறிப்பட்ட நேரத்துக்குள் போனிலிருந்து காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாகப் பதிந்துவிட்ட சிவக்கொழுந்துவுக்குப் போயிற்று. பல்லுக் கொதியாம், யாழ்ப்பாணம் போய்ப் பிடுங்கவேண்டுமாம். கந்தோர் ஆட்கள் தங்களுக்கு ஆசனம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்த விதியை லைப்ரரியில் அவளேதான் எழுதி வைத்திருக்கிறாள். பத்து நிமிடம் கழித்து அவருக்குச் செய்தி போயிற்று. வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் நெடுந்தீவில்தான் நின்றோம்.